இலைத் துருவும் ஏழைத் தமிழரும்

தூத்துக்குடித் துறைமுகத்தை முத்துக்கும் உப்புக்கும் மாத்திரம் உரியதென்று எண்ணுவோர் அதன் சரித்திரத்தில் ஒரு பாதியையே அறிந்தவராவர். மற்றப் பாதி, பிழைப்புத் தேடி அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய ஏழைத் தமிழருடையது. அவர்களுடைய விதியை நிர்ணயித்தவற்றுள், இலையைப் பற்றிய ஒரு நுண்ணிய பூஞ்சணமும் ஒன்று என்பது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம்.

1869-ஆம் வருஷம் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவெய்ட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் பூஞ்சண நிபுணர் அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பின்பாதிக்குப் ‘பாழ்படுத்துவது’ என்பது பொருள். பெயர் பொய்க்கவில்லை. 1870-இல் ஏறக்குறைய 10 கோடி ராத்தல் காப்பியை ஏற்றுமதி செய்த தீவு, 1889-இல் 50 லட்சம் ராத்தலுக்கு இறங்கிவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு 1884-இல் முறிந்தது.

இந்த நாசம் தெய்வச் செயலன்று. மலையடுத்து மலையாகக் காட்டை அழித்து, ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டார்கள். காற்றில் பறக்கும் துரு வித்துக்குத் தடையாக ஒரு மரவரிசை கூட விடப்படவில்லை. நோய் கண்ட பின்னும், மண் சத்துக் குறைந்ததே காரணமென்று எருவைக் கொட்டினார்கள். விலை ஏறியிருந்ததால் புதிய நிலங்களிலும் காப்பியையே வைத்தார்கள். 1880-இல் மார்ஷல் வார்டு என்னும் இளம் விஞ்ஞானி அனுப்பப்பட்டார். வித்து காற்றில் வருகிறது. ஈரம் தங்கிய இலையில் முளைக்கிறது. இலையின் நுண்துளை வழியே உட்புகுகிறது என்று அவர் நிரூபித்தார். உட்புகுந்த பின் மருந்தால் பயனில்லை, முன்னரே காக்கவேண்டும் என்பது இதன் முடிபு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையோ 1885-இல்தான் பிரான்சில் வெளிப்பட்டது. இலங்கைக் காப்பிக்குக் காலம் கடந்துவிட்டது.

துரைமார் காப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். தோட்டங்கள் நொடித்தபோது சம்பளப் பாக்கியோடு நின்றவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற கூலிகளே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஊரிலும் சோறில்லை, அக்கரையிலும் நிலையில்லை என்ற கதிக்கு அவர்கள் ஆளாயினர்.

அதனினும் பெரிய விளைவு ஒன்றுண்டு. காப்பிப் பழம் பறிக்கச் சென்றவர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக் கொழுந்தோ வருஷம் முழுவதும் பறிக்கவேண்டியது. ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களிலேயே நிலைத்தார்கள். அவர்களுடைய சந்ததியார்தான் 1948-ஆம் வருஷச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்தவர்கள். 1964-ஆம் வருஷ சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு சர்க்கார்களும் கணக்கிட்ட 9,75,000 பேர். துருநோய் ஒன்றே இவ்வளவுக்கும் காரணமென்று நாம் சொல்லவில்லை. சட்டம் செய்தவர்கள் மனிதர்கள். ஆனால் பயிர் மாறியதால் மனிதரின் வாழ்வே மாறியதை மறுப்பதற்கில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. தூத்துக்குடி ஜில்லாவின் கரிசற்சீமையிலே கம்பையும் வேறொரு துருநோய் பற்றுகிறது. நிலக்கடலைக்கும் தனியே ஒரு துரு உண்டு. கம்புத் துரு தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கத்தரிச்செடியில் கழிக்கவல்லது. ஆதலின் கம்புக் கொல்லைக்கருகே கத்தரி வைப்பது தகாது. கடலை அறுவடைக்குப் பின் தானே முளைக்கும் செடிகளைக் களைந்தெறிய வேண்டும். அவையே நோயை அடுத்த பருவத்துக்குக் கொண்டுசெல்கின்றன. நோய் தாங்கும் ரகங்களைத் தெரிந்து விதைக்கவேண்டும். மேகமூட்டமும் பனியும் நீடிக்கும் நாட்களில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முதற்புள்ளி தோன்றியவுடனே மருந்து தெளிப்பது பலன் தரும். இலை கருகிய பின் தெளிப்பது பணத்துக்குக் கேடு. வருஷந்தோறும் ஒரே பயிரை ஒரே நிலத்தில் வைக்காமல், உளுந்தும் பாசியும் மாற்றிப் போடுவது நம் முன்னோர் கண்ட நல்வழி.

இவையெல்லாம் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் போன்றோர் அறிந்தவையே. அறிவு இருப்பது மட்டும் போதாது. அது மானாவாரிக் குடியானவனின் கொல்லைக்கு உரிய நாளில் வந்து சேரவேண்டும். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு இத்துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஒட்டப்பிடாரம் இந்தக் கரிசற்சீமையிலேதான் இருக்கிறது. அவர் பெயரால் மேடை போடும் அன்பர்கள், கிராம சபைகளில் துருநோயைப் பற்றியும் ஒரு கேள்வி எழுப்பினால் தேசத் தொண்டு குறைந்துவிடாது. விளைச்சல் பொய்த்த ஊரிலிருந்துதான் முதற்கப்பல் புறப்படுகிறது.