பாம்பு சட்டை உரிக்கத் தவறினால்

வேலியோரங்களிலும் கற்குவியல்களிலும் கிடக்கும் பாம்புச் சட்டையைக் கண்டிராதவர் கிராமங்களில் இல்லை. முள்ளிலும் கல்லிலும் சிக்கி அது கிழிந்து கிடப்பது இயல்பே. ஆனால் கூண்டில் வளரும் பாம்பின் சட்டை துண்டு துண்டாகக் கிடந்தால், வளர்ப்பு முறையில் குறையுண்டு என்பதற்கு அது அறிகுறியாகும்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. வீடுகளில் வளர்க்கப்படும் வெளிநாட்டு இனங்களுள் ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு ஒன்று. அச்சமுற்றால் பந்துபோல் சுருண்டு கொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இதனை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ளுதல் அவசியம்.

பழைய தோலின் அடியில் புதிய தோல் உருவானதும், இரண்டிற்கும் இடையே நீர் போன்ற திரவம் ஊறுகிறது. அப்போது பாம்பின் நிறம் மங்கும்; கண்கள் பால்படர்ந்தாற்போல் வெளுக்கும். பார்வை குன்றியிருப்பதால் அது எளிதில் சீறிக் கடிக்கும். இந்நாட்களில் அதனைக் கையாளுதலும், இரையிடுதலும் கூடா. பின்னர்க் கண்கள் தெளிவடையும். சில நாட்களில் பாம்பு மூக்கைச் சொரசொரப்பான பொருளில் உரசி, காலுறையைத் திருப்பிக் கழற்றுவதுபோல் சட்டையை உரித்துவிடும்.

இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் காற்றின் வறட்சியே. இப்பாம்பு தன் தாயகத்தில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. அங்குள்ள காற்று ஈரமானது. குளிர்சாதன அறையிலுள்ள கூண்டில் அந்த ஈரம் கிடைப்பதில்லை. நீர்க்குறைவு, உண்ணி, பழைய காயத்தழும்பு ஆகியனவும் காரணமாகலாம்.

ஒட்டிய தோலைக் கையால் பிய்த்தெடுப்பது பெருந்தவறு. அடியிலுள்ள இளந்தோல் கிழிந்து புண்ணாகும். காற்றுத் துளைகளுள்ள மூடிய பெட்டியில், பாம்பின் உடல் பாதியளவே நனையுமாறு வெதுவெதுப்பான நீர் விட்டு, அரைமணி நேரம் அதனை விடவேண்டும். நீரின் வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படலாகாது. அருகில் ஒருவர் இருந்து கவனிப்பது அவசியம். பின்னர் ஈரத்துணியின் மடிப்பினூடே பாம்பைத் தானாக ஊர்ந்து செல்ல விட்டால், ஊறிய தோல் துணியில் ஒட்டிக் கழன்றுவிடும். எஞ்சியிருப்பின் மறுநாளும் இவ்வாறே செய்யலாம். எண்ணெய் தடவுதல் வேண்டா.

இரு இடங்கள் தனிக் கவனத்துக்குரியவை. வால் நுனியில் வளையமாக நிற்கும் தோல் காய்ந்து இறுகினால், இரத்தவோட்டம் தடைப்பட்டு நுனி அழுகி உதிரக்கூடும். கண் இதனினும் நுட்பமானது. பாம்புக்கு இமையில்லை, ஒளிபுகும் செதில் ஒன்றே கண்ணைக் காக்கிறது. அச்செதிலின் மேலுறையும் சட்டையோடு கழலவேண்டும். கழலாவிடில் நகத்தாலோ இடுக்கியாலோ தொடலாகாது. தவறினால் கண்ணே போய்விடும். ஈரத்தை மிகுவித்து அடுத்த உரிப்புவரை பொறுத்திருப்பதும், அப்போதும் நீங்காவிடில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதுமே தக்கன.

இதனை அறிய எளிய வழி, கழற்றிய சட்டையை ஆராய்வதே. தலைப்பகுதியில் கண்ணாடித் துண்டுகள் போன்ற இரண்டு வட்டங்கள் தெரிந்தால் கவலையில்லை. வகுப்பில் பாம்புச் சட்டையைக் காட்டும் ஆசிரியர் அவ்விரு வட்டங்களையும் மாணவர்களையே தேடிக் கண்டுபிடிக்கச் செய்யலாம். இமையற்ற கண் எவ்வாறு காக்கப்படுகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.