லோரியும் போகியும்

கோடம்பாக்கத் தெருக்களில் விடியலிற் போகித்தீ எரியும். பெரும்பாலும் அந்நாள் (சனவரி 13) இரவிலேயே சென்னைவாழ் பஞ்சாபியராகிய சீக்கியரும் இந்துக்களும் லோரித்தீ வளர்ப்பர். நாளும் தீயும் ஒத்தல் கண்டு இரண்டும் ஒரே அறுவடை விழா என்பாருளர். அக்கூற்றை ஈண்டு ஆராய்வோம்.

போகித்தீயில் இடுவன பழம்பாயும் கழிபொருளும். லோரித்தீயில் இடுவன எள், வெல்லம், நிலக்கடலை, மக்காச்சோளப்பொரி. முன்னது கழித்தல், பின்னது படைத்தல். லோரிப் பாட்டு அக்பர் காலத்துத் துல்லா பட்டியைப் போற்றும். போகிப்பறை கொட்டும் சிறார்க்கு அத்தகு பாட்டுடைத் தலைவன் இலன்.

விளைவும் வேறு. தையிற் சம்பா நெல் களம் சேரும். பஞ்சாபிலோ கோதுமை அப்போது பசும்பயிரே. அதன் அறுவடையை ஒட்டிய விழா ஏப்ரலில் வரும் வைசாகி. எனவே, லோரியை அறுவடை விழா என்பது அக்காலத்து வெட்டும் கரும்பை நோக்கியே பொருந்தும். விழாக்களை ஒப்பிடுவார் நாளினும் வினையை முதற்கண் நோக்குக என்பதே நம் துணிபு.