கோடு போடுமுன் செமாய்களைக் கேட்டார்களா?

பேராக் மாநிலத்தின் சுங்காயைச் சுற்றியுள்ள மலைப்பக்கங்களில் செமாய் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவின் 18 ஓராங் அஸ்லி (பூர்வகுடி) இனங்களில் எண்ணிக்கையில் பெரியது இந்த இனம்தான்.

பழைய செமாய் வீடு தரையைவிட்டு உயர்ந்து நிற்கும். மூங்கிலைப் பிளந்து, தட்டி விரித்து, சுவரும் தளமும் போடுவார்கள். இடுக்கு வழியாகக் கீழிருந்து காற்று ஏறும். மேலே பெர்தாம் ஓலைக் கூரை. அரசுத் திட்டங்களில் வந்த வீடுகளோ பெரும்பாலும் சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும்தான். உச்சி வெயிலில் உள்ளே இருப்புக் கொள்ளாது. அதனால் பல ஓராங் அஸ்லி கிராமங்களில் குடும்பங்களே வீட்டுக்குப் பின்னால் மூங்கிலில் ஓர் அடுக்களை கட்டிக்கொள்கின்றன. வரைந்தவர் அந்த வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை கேட்டிருந்தால் அந்த அடுக்களை வரைபடத்திலேயே இருந்திருக்கும்.

தோட்டத்து லயத்திலிருந்து வந்த தமிழர்களான நமக்கு இது தெரியாததா? அந்த லயங்களையும் நம் பாட்டிமாரைக் கேட்டு யாரும் கட்டவில்லை. ஆனால் இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும்: ரப்பர் நடுவதற்காக அழிந்த காடுகளில் பல ஓராங் அஸ்லி மக்கள் வாழ்ந்த காடுகள். உத்தரவு துரைமாருடையது, மரம் சாய்த்த கைகளில் நம்முடையதும் உண்டு.

கட்டட வடிவமைப்பு நிறுவனங்கள் பூர்வகுடிகளோடு நல்லிணக்கத்துக்கு என்ன செய்யலாம் என்றால், முதல் வேலை நிலத்தை விசாரிப்பது. ஓராங் அஸ்லி மக்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் அவர்களுக்கு முழு உரிமை தரவில்லை. ஆனால் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த டெமுவான் இன ஓராங் அஸ்லி மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், மரபுவழி நிலம் அவர்களுக்குச் சொத்துரிமை உள்ள நிலமே என்று ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. உல்லாச விடுதிக்கு வரைபடம் கேட்டு வாடிக்கையாளர் வந்தால், இடம் யாருடைய மரபு நிலம் என்று நிறுவனம் கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் அந்த வேலையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இப்படிக் கேட்பதற்கு வெளிநாட்டு முன்மாதிரியும் உண்டு. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் வைத்த 94 கோரிக்கைகளில் 92-ஆவது, தொழில் நிறுவனங்களை நோக்கியது: திட்டம் தொடங்குமுன் பூர்வகுடிகளின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதத்தைப் பெறுங்கள் என்கிறது. இதே சம்மதத்தை வலியுறுத்தும் ஐ.நா.வின் 2007 பிரகடனத்துக்கு மலேசியாவும் ஆதரவாக வாக்களித்தது.

அடுத்தது பணம். பூர்வகுடிகளின் கூடை, பாய்ப் பின்னலைப் பார்த்துச் சுவர்த்தாளிலும் சின்னத்திலும் போடுகிற நிறுவனங்கள், சம்மதம் வாங்கி, பின்னியவர் பெயரைப் போட்டு, விற்கும்தோறும் பங்கு தர வேண்டும். ஓராங் அஸ்லி கைவினைப் பொருள்களை விற்கும், தன்னார்வலர்கள் நடத்தும் கெராய் ஓஏ, விற்ற பணம் முழுவதையும் கைவினைஞருக்கே கொடுக்கிறது. லாப நோக்குள்ள நிறுவனத்தால் முழுவதும் தர முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டை எழுதிவைக்கத் தடையில்லை.

சம்மதம் என்றால் கிராமத் தலைவரான தோக் பாத்தினின் கையெழுத்து மட்டுமல்ல. அடுப்படியில் நிற்பவர், பாய் முடைபவர், நாளை அந்த வீட்டில் வாழப்போகிற இளையவர் எல்லாரும் வரைபடத்தைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லவும் அவகாசம் வேண்டும். அதற்குப் பிடிக்கும் மாதங்களை நிறுவனம் தன் கட்டணத்திலேயே சேர்த்துக் கணக்கிடட்டும்.