முதல் பனி நாளில் அழைப்பேன்

மாயமும் மனிதரும் - 11

காதலிக்கிறவர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்களா? கொரியத் தொலைக்காட்சியில் ஒரு ஜோடி போட்டுக்கொண்டது. ஒருத்தி பள்ளி இறுதியாண்டு மாணவி. இன்னொருவன் 939 வயதுப் பூதம். பத்திரத்தில் ஒரு ஷரத்து: ஒவ்வோர் ஆண்டும் முதல் பனி விழும் நாளில் இரண்டாம் தரப்பு அழைத்தால் முதல் தரப்பு வந்தே ஆக வேண்டும். இரண்டாம் தரப்பு காத்துக்கொண்டிருக்கும் என்று அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறது.

முதல் தரப்பு, சாகாவரம் பெற்ற அந்தப் பூதம். இரண்டாம் தரப்பு, சித்தி வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்த அநாதைப் பெண்.

கொரியாவில் முதல் தரப்பு என்றால் வீட்டுக்காரர், முதலாளி, பெரிய கம்பெனி. இரண்டாம் தரப்பு என்றால் குடியிருப்பவர், சம்பளக்காரர், அந்தக் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன முதலாளி. 2014 டிசம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். கொரியன் ஏர் நிறுவனத் தலைவரின் மகள், அதே நிறுவனத்தின் துணைத் தலைவர், தனக்குக் கொடுத்த பருப்பைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டு, கிளம்பிய விமானத்தையே திருப்பி, ஊழியர் தலைவரை இறக்கிவிட வைத்தார். நாடே கொதித்தது. முதல் தரப்பின் திமிர் என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட நாட்டில், இரண்டாம் தரப்பு அழைத்தால் முதல் தரப்பு ஓடி வரும் என்று ஒரு கதை வந்தால் எப்படி இருக்கும்? 2016 டிசம்பர் 2-ஆம் தேதி ‘கோப்ளின்’ என்ற தொடராக வந்தது. டிவிஎன் என்ற கேபிள் தொலைக்காட்சியில், வெள்ளியும் சனியும் இரவு 8 மணிக்கு, 16 பாகங்கள். எழுதியவர் கிம் யூன்-சுக், இயக்கியவர் லீ யூங்-போக். அதே ஆண்டின் தொடக்கத்தில் ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்’ தொடரைக் கொடுத்ததும் இதே கூட்டணிதான்.

கதையின் வேர் கோர்யோ அரசு காலத்தில் இருக்கிறது. கிம் ஷின் என்ற தளபதி (கோங் யூ) போரில் வென்று திரும்புகிறான். பொறாமையும் ஓர் அரண்மனை அலியின் துர்போதனையும் சேர்ந்து, இளம் அரசன் அவனைத் துரோகி ஆக்கிக் கொன்றுவிடுகிறான். மார்பில் பாய்ந்த வாள் அப்படியே நிற்க, அவன் தொக்கேபி என்ற பூதமாக எழுகிறான். வரமும் அதுதான், சாபமும் அதுதான். தான் நேசிப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘தொக்கேபியின் மணமகள்’ வந்து அந்த வாளை உருவினால்தான் விடுதலை. உருவினால் அவன் சாம்பலாகிவிடுவான்.

கொரிய நாட்டார் கதைகளில் வரும் தொக்கேபி இவ்வளவு சோகமான ஆசாமி இல்லை. தூக்கியெறிந்த பழைய துடைப்பத்தில், மனித ரத்தம் பட்ட பழம்பொருளில் பிறக்கிற பூதம் அது. வழிப்போக்கரை மல்யுத்தத்துக்கு இழுக்கும், பக்வீட் மாவில் செய்த களியைக் கொடுத்தால் மயங்கிவிடும், கையில் ஒரு மந்திரத் தடி வைத்திருக்கும். அந்தக் குறும்புக்காரப் பூதத்துக்கு நீளக் கோட்டு மாட்டிவிட்டு, கண்ணில் ஆயிரம் ஆண்டுத் தனிமையை ஏற்றியது கிம் யூன்-சுக்கின் கைவேலை.

ஆனால் களியை அவர் மறக்கவில்லை. முதல் பாகத்தில் ஜுமுன்ஜின் கடற்கரை. கடலுக்குள் நீளும் கல்லணையில் ஜி யூன்-தாக் (கிம் கோ-யூன்) தன் பிறந்தநாளுக்குத் தானே மெழுகுவத்தி ஏற்றிக்கொள்கிறாள். பகுதிநேர வேலை வேண்டும், சித்தி குடும்பத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டும், ஒரு காதலன் வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு ஊதுகிறாள். திரும்பினால் கையில் பக்வீட் பூங்கொத்தோடு ஓர் ஆள். ‘என்னை எதற்குக் கூப்பிட்டாய்?’ என்ற குழப்பம் அவன் முகத்தில். களிக்குப் பேர்போன தானியத்தின் பூவையே அவன் கையில் கொடுத்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றும் அந்தக் கல்லணையில் சிவப்புக் கழுத்துத்துணி சுற்றிப் பூங்கொத்தோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது.

அதன் பிறகு யூன்-தாக்குக்குப் பிடிபட்டுவிடுகிறது. எதை ஊதி அணைத்தாலும் வருகிறான். சரித்திரம் படைத்த தளபதி, பெரும் பணக்காரன், மழையைக் கொண்டுவருபவன், ஒரு தீக்குச்சிக்கு அடிமை. கூடவே ஒரே வீட்டில் குடியிருக்கும் எமதூதன் (லீ டோங்-வுக்) வேறு. எமதூதனும் ஒரு சம்பளக்காரன் மாதிரிதான் நடத்தப்படுகிறான்: பட்டியல், கோப்பு, மேலிடத்துக்கு அறிக்கை, ஆவிகளுக்கு முற்பிறவி மறக்கத் தேநீர்.

குறை சொல்லாமல் விட முடியாது. கொரியக் கணக்கில் 19 வயதுப் பள்ளிச் சீருடைப் பெண்ணையும், முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் நடிகரையும் காதலர்களாகக் காட்டியது அங்கேயே பலரை நெளியவைத்தது. 939 வயது என்று சமாதானம் சொன்னால் சங்கடம் கூடுமே தவிரக் குறையாது. விளம்பரப் பொருள்களும் கொஞ்சநஞ்சமல்ல. தொடரில் சன்னி என்ற பாத்திரம் நடத்தும் கோழி வறுவல் கடை, நிஜத்தில் ஒரு பெரிய சங்கிலி நிறுவனத்தின் கடை.

ஆனாலும் நாடு காத்திருந்தது. 2017 ஜனவரி 14 அன்று வர வேண்டிய பாகத்துக்குப் பதில் ஒரு சிறப்புத் தொகுப்பைப் போட்டுவிட்டு, கடைசி மூன்று பாகங்களை அடுத்த வார இறுதியில் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவுப் பாகம் 20 சதவீதத்தைத் தாண்டியதாகத் தொலைக்காட்சி அறிவித்தது. கேபிளுக்கு அது எட்டாக்கனியாக இருந்த எண். அந்த ஆண்டு பெக்சாங் விருதுகளில் தொலைக்காட்சிப் பிரிவின் பெரும்பரிசு நடிகருக்கோ தொடருக்கோ போகவில்லை. எழுத்தாளர் கிம் யூன்-சுக்குக்குப் போனது. நம் ஊரில் தொடர் எழுதுகிறவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, அதே கொரியாவில் இந்தத் தொடருக்கு ஐந்து மாதம் முன்பு வந்த இன்னொரு காதல் கதைக்கு வருவோம். 2016 ஜூலையில் செரிட்ஸ் என்ற சின்ன நிறுவனம் ‘மிஸ்டிக் மெசஞ்சர்’ என்ற கைபேசி விளையாட்டை வெளியிட்டது. பெண்களுக்கென்று எழுதப்படும் காதல் விளையாட்டுகள் ஜப்பானில் பிறந்தவை. 1994-இல் கோயெய் நிறுவனத்தில் பெண்கள் குழு உருவாக்கிய ‘ஏஞ்சலிக்’ அவற்றின் மூத்த அக்கா. அந்த வகையில் கதாநாயகி நீங்கள்தான். பேசுவது, தேர்ந்தெடுப்பது, யார் மனதில் இடம் பிடிப்பது எல்லாம் உங்கள் கையில். செரிட்ஸ் செய்தது ஒரே ஒரு மாற்றம். கதையை நிஜக் கடிகாரத்தோடு கட்டிவிட்டது.

விளையாட்டைத் திறந்தால் அடையாளம் தெரியாத ஒருவனிடமிருந்து செய்தி வரும். அவன் பேச்சை நம்பி ஒரு காலி வீட்டுக்குப் போய்ச் சேருவீர்கள். அங்கிருந்து ஓர் அரட்டைக் குழுவுக்குள் விழுவீர்கள். இசைநாடக நடிகன் ஜென், கல்லூரிப் படிப்பைவிட கணினி விளையாட்டே கதி என்றிருக்கும் யூசங், ஹேக்கர் செவன், பெரும் கம்பெனியின் வாரிசு ஜூமின் ஹான், அவனுடைய செயலாளர் ஜேஹீ காங். பதினோராம் நாள் நடக்க வேண்டிய அறக்கொடை விருந்துக்கு ஆள் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அதற்குள் காதலும் நடக்கும்.

பார்ப்பதற்கு அசல் அரட்டைச் செயலி. நீங்கள் எழுதிய பதில் யாருக்காவது பிடித்தால் அவருக்குரிய நிறத்தில் ஓர் இதயம் பறக்கும். அரட்டை காலை 8 மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, நள்ளிரவு ஒன்று, விடிகாலை 3 மணிக்குக்கூட ஒன்று. நடுவில் திடீரென்று முழுத்திரையில் அழைப்பு வரும், அசல் தொலைபேசி அழைப்பு போலவே. எடுத்தால் கொரியக் குரல் பேசும். சாப்பிட்டாயா என்று கேட்கும். இந்தக் கேள்விக்கு மயங்காத தமிழர் யார்? எடுக்காவிட்டால் ‘தவறிய அழைப்பு’. அரட்டையைத் தவறவிட்டால் நீங்கள் இல்லாமலே அவர்கள் பேசியதைப் படிக்கலாம். உள்ளே நுழைந்து பேச வேண்டுமென்றால் மணற்கடிகாரங்களைச் செலவழிக்க வேண்டும். மணற்கடிகாரம் எப்போதாவது இலவசமாகக் கிடைக்கும். மற்றபடி காசு கொடுத்து வாங்கலாம். தூக்கம் அல்லது பணம், இரண்டில் ஒன்று.

விடிகாலை மூன்றுக்கு அலாரம் வைத்து எழுந்த பெண்கள் உலகமெங்கும் இருந்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம், அதாவது விளையாட்டு வருவதற்குச் சில வாரம் முன்பு, கொரிய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஷின் கியோங்-மின் ஒரு மசோதா கொண்டுவந்தார். வேலை நேரம் முடிந்தபின் தொலைபேசியிலோ அரட்டைச் செயலியிலோ ஊழியருக்கு உத்தரவு போடக் கூடாது என்பது அதன் சாரம். பத்திரிகைகள் அதற்கு ககாவோ டாக் தடைச் சட்டம் என்றே பெயர் வைத்தன. கொரியாவில் ககாவோ டாக் என்ற அந்த அரட்டைச் செயலி இல்லாத கைபேசியைப் பார்ப்பது அரிது. அதிலேயே காதலும், அதிலேயே மேலாளரின் இரவு 11 மணிச் செய்தியும். வாரத்துக்கு 68 மணி நேரம்வரை வேலை வாங்கச் சட்டம் இடம் கொடுத்த காலம் அது. 52-ஆகக் குறைந்தது 2018-இல்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஜேஹீ காங் சாதாரணப் பாத்திரம் இல்லை. முதலாளி ஜூமினின் எலிசபெத் என்ற வெள்ளைப் பூனையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில். நள்ளிரவில் அரட்டைக்குள் வந்து வேலைப் பளுவைப் புலம்புவாள். நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள். சொல்லும்போது உங்கள் கடிகாரத்தில் மணி என்ன? நீங்களும்தான் அழைத்த நேரத்துக்கு ஆஜராகிக்கொண்டிருக்கிறீர்கள், சம்பளம்கூட இல்லாமல். ஐந்து பாத்திரங்களில் எனக்கு மனம் ஒட்டியது அவளோடுதான். அவளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கதை காதலில் முடியாமல் தோழமையில் நின்றுவிடும். அந்த ஓரவஞ்சனையை ரசிகைகளே கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம்தான்.

விளையாட்டில் எல்லாம் நம் கையில், தொடரில் எதுவும் நம் கையில் இல்லை என்று சொல்வது வழக்கம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அது தலைகீழாகிறது. அழைக்கும் உரிமை யூன்-தாக்கிடம் இருக்கிறது. மிஸ்டிக் மெசஞ்சரில் அவர்கள் அழைப்பார்கள், நாம் ஓட வேண்டும். தொடர் கொரியப் பெண்ணின் ஆசையைச் சொன்னது. விளையாட்டு, தெரிந்தோ தெரியாமலோ, அவளுடைய அன்றாடத்தைச் சொன்னது. கலையாகத் தொடர் பல படி மேல். உண்மைக்கு நெருக்கம் எது என்று கேட்டால் விளையாட்டைத்தான் காட்டுவேன்.

காத்திருப்புக்கு வரும் கூலியிலும் அதே வித்தியாசம். வாள் உருவப்பட்டுச் சாம்பலான கிம் ஷின், எல்லோருடைய நினைவிலிருந்தும் அழிக்கப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் ஒன்றுமில்லாத வெளியில் அலைகிறான். வானொலியில் வேலை பார்க்கும் 29 வயது யூன்-தாக், காரணம் தெரியாத துக்கத்தோடு, முதல் பனி நாளில் மெழுகுவத்தியை ஊதுகிறாள். அவன் எதிரே வந்து நிற்கிறான். அவளுக்கோ அவன் யாரென்றே தெரியவில்லை. பத்திரத்தின் அந்த ஒற்றை ஷரத்து அவனைப் பிடித்து இழுத்து வந்துவிட்டது. கடைசியில் அவள் சாகும்போது எமதூதன் நீட்டும் மறதித் தேநீரை வேண்டாமென்று தள்ளிவிடுகிறாள். விளையாட்டிலோ பதினோராம் நாள் முடிந்ததும் இன்னொருவனைக் காதலிக்க முதல் நாளிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் உங்களை மறந்திருப்பார்கள். செவன் மட்டும் எதுவோ தெரிந்தவன்போல் அங்கங்கே பேசுவான். அந்த இடங்களில் விளையாட்டு தன் தரத்தைவிட ஒரு முழம் உயர்ந்துவிடுகிறது.

தமிழில் இதெல்லாம் அந்நியச் சரக்கு இல்லை. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் கொடுத்த காலத்திலேயே நம் வீடுகளில் இந்தக் காத்திருப்பு ஆரம்பித்துவிட்டது.

கோப்ளினைப் பார்க்காதவர்கள் முதல் இரண்டு பாகங்களை ஒரே மூச்சில் பாருங்கள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, கந்துவட்டிக்காரர்களின் காரை நோக்கிப் பூதமும் எமதூதனும் இருட்டில் நடந்து வரும் இடம்வரை வந்துவிட்டால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. மிஸ்டிக் மெசஞ்சரைத் தொட நினைப்பவர்கள் தேர்வுக் காலத்திலும் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் தொடவேண்டாம்.

ஷின் கியோங்-மின்னின் அந்த மசோதா சட்டமாகவில்லை.

(தொடரும்)