உச்சிப் படத்தில் நான் இல்லை

தங்காக்கில் வளர்ந்த எனக்கு மலை என்றால் லேடாங்தான். 1,276 மீட்டர், ஜொகூரில் அதைவிட உயரம் இல்லை. நான்கு முறை ஏறிய தைரியத்தில், ஜனவரியில் தோழியருடன் உத்தரகாண்டின் கேதார்கந்தாவுக்குப் போனேன். அது ஏறக்குறைய 3,800 மீட்டர்!

சாங்க்ரி கிராமத்தில் நடை தொடங்கியது. லேடாங்கில் வியர்வையில் குளிப்போம். பனியில் வியர்க்கவே கூடாதாம். நனைந்த சட்டையோடு நின்றால் உடல் விறைத்துவிடும். அதனால் ஏறும்போது மேலங்கியைக் கழற்று, நின்றால் மாட்டு என்று வழிகாட்டி விரட்டிக்கொண்டே இருந்தார். இரவில் தண்ணீர் போத்தலைத் தலைகீழாக வைத்தோம். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். காலையில் நிமிர்த்தினால் மூடிப் பக்கம் குடிக்கக் கிடைக்கும். பேட்டரி குளிரில் இறங்கிவிடும் என்பதால் கைப்பேசியும் என்னோடு உறக்கப்பைக்குள்தான் தூங்கியது.

உச்சிக்குப் புறப்பட்ட இருட்டில் தலை வலித்தது. இவ்வளவு செலவழித்து வந்துவிட்டு எப்படிச் சொல்வது? பாதி வழியில் குமட்டல். வழிகாட்டி என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார்.

"தீதி, இறங்கலாம்."

கெஞ்சினேன். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இறங்குவதுதான் மருந்து என்றார். மற்றவர்களை இன்னொரு வழிகாட்டி மேலே அழைத்துப்போனார். கோபத்தில் அவரோடு பேசாமலே இறங்கினேன். முகாமை நெருங்கும்போதே தலைவலி குறைந்திருந்தது. இஞ்சித் தேநீரை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.