குறைமாதப் பிரசவம்: ஒரு போகத்தையே விழுங்கும் செலவு

சி.ஆர். 1009 போன்ற நீண்டகால சம்பா ரகம் ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்க வேண்டும். பால் பிடிக்கும் நேரத்தில் அறுத்தால் களத்தில் தேறுவது பதரும் கருக்காயும்தான். இது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 280 நாள். 37 வாரம், அதாவது 259 நாள் முடிவதற்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

தரங்கம்பாடிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது என்ன செலவு வைக்கும்? தனியார் மருத்துவமனையில் இன்குபேட்டர் சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 20 நாளைக்கு 2 லட்சம். சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய்க்குக் கொள்முதல் நிலையத்தில் போனால், 80 குவிண்டால் போட்டால்தான் இந்தப் பணம் வரும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 விளைந்தாலும், மூன்றேகால் ஏக்கர் மகசூல் மொத்தமும் போய்விடும். உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் கூலியை இன்னும் கழிக்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி மருந்து, ரத்தம், பரிசோதனை, வாகனம் எதற்கும் பணம் கேட்கக் கூடாது. ஆனாலும் செலவு இல்லாமல் போகாது. மயிலாடுதுறையிலோ தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையிலோ தாய் வாரக்கணக்கில் குழந்தையோடு இருந்தால், கூட ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் கூலி போச்சு. வீட்டில் மாட்டைப் பார்க்க ஆளில்லை. நேரம் தப்பிய களை, உரம் எல்லாம் அறுவடையில்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். தவறினால் சில குழந்தைகளுக்குப் பார்வையே போய்விடலாம். காது கேட்கும் திறனையும் பார்க்க வேண்டும்.

எல்லாக் குறைப்பிரசவத்தையும் சாப்பாட்டால் தடுக்க முடியாது. இரட்டைக் குழந்தை, ரத்தக்கொதிப்பு, சிறுநீர்த் தொற்று, சின்ன வயதில் கருத்தரிப்பது, அடுத்தடுத்த பிரசவம் என்று காரணங்கள் பல. ஆனால் ரத்தசோகையும் ஊட்டக்குறைவும் நம் கைக்கு எட்டிய காரணங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

சினைப்பசுவுக்குக் கடைசி இரண்டு மாதம் பால் கறப்பதை நிறுத்திவிட்டு, தீவனத்தையும் கூட்டிப் போடுகிறோம். அதே வீட்டில், ‘அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்’ என்று மருமகள் தட்டில் சோற்றைக் குறைப்பது என்ன நியாயமோ!

நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது தினமும் சுமார் 350 கலோரி. ஒரு முட்டையும் 50 கிராம் வேர்க்கடலையும் போதும். தினம் 20 ரூபாய் என்றாலும் 180 நாளைக்கு 3,600 ரூபாய்தான். இதோடு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு. தரங்கம்பாடிக்குக் கடல் தரும் வரம் மத்தி மீன். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு குறித்து 70 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான காக்ரேன் அறிக்கை முக்கியமானது. பெரும்பாலும் மாத்திரையாக இந்தக் கொழுப்பை எடுத்துக்கொண்ட கர்ப்பிணிகளிடம், 37 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 13.4 சதவீதத்திலிருந்து 11.9 ஆகவும், 34 வாரத்துக்கு முந்தையது 4.6-லிருந்து 2.7 ஆகவும் குறைந்தது. வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைப்பது பெரிய செலவில்லை. சுறா வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிடலாம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. இப்போது ரொக்கம் 14,000 ரூபாயும், சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் அடங்கிய இரண்டு பெட்டகங்களும் தருகிறார்கள். முதல் தவணை நான்காம் மாதமே வருவது சாப்பாட்டுக்காகத்தான். அது உரக்கடை பாக்கிக்கோ அடகு நகைக்கோ போனால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். அங்கன்வாடி சத்துமாவும் கர்ப்பிணிக்கு உரியது, வீட்டுக்கே பங்கு வைப்பதற்கல்ல.

‘ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்கிறார்களே?’ என்று பலர் கேட்பதுண்டு. தவறு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரல் பலப்படும், பிழைக்கும் வாய்ப்பு கூடும். எனவே மாதம் ஆகாமலே இடுப்புவலி விட்டுவிட்டு வந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். 34 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்த டெக்சாமெத்தசோன் ஊசி போடுவார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை மிகக் குறைவு. ஆனால் பிரசவத்துக்கு முன்பே போட்டால்தான் பலன்.