கொரியச் சாப்பாடும் ஒரு நோட்டீசும்

ரயில்வேயில் 37 வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஓய்வுக்குப் பிறகும் சில வேலைகள் தேடி வரும். அவற்றில் ஒன்று நோட்டீஸ் எழுதுவது. நொய்டாவில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் கமிட்டியில் யார் மீது என்ன புகார் வந்தாலும், "இவர் ரயில்வே ஆசாமி, விதிப்படி எழுதுவார்" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நானும் பெருமையாக எழுதிக் கொடுப்பேன்.

2024 டிசம்பரில் அப்படி ஒரு புகார் வந்தது. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் கொரியக் குடும்பத்தின் சமையல் வாடை தாங்கவில்லை என்று நான்காம் மாடிக்காரர் எழுதியிருந்தார். படிக்கட்டில் ஒன்றிரண்டு முறை நானும் மூக்கைப் பிடித்தவன்தான். பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மூன்று பாராவில் நோட்டீஸ் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். எங்கே சாப்பிடலாம் என்ற பேச்சு வந்ததும், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, "கொரியன் சாப்பாடு, தாத்தா!" என்றாள். கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த மொழியில் பாதி வந்துவிட்டது. தமிழில் எழுதச் சொன்னால்தான் பேனாவில் மை தீர்ந்துவிடும்! பேத்தி சொல்லுக்கு அப்பீல் ஏது? மனைவி, மகள், பேத்தி, நான் என நால்வரும் கிளம்பினோம்.

சாம்சங் தொழிற்சாலை நொய்டாவிலும், எல்.ஜி. தொழிற்சாலை கிரேட்டர் நொய்டாவிலும் இருப்பதால் இந்தப் பக்கத்தில் கொரியக் குடும்பங்கள் நிறைய. ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர், சென்னைப் பக்கம் கொரியர்கள் குடியேறிய கதைதான் இங்கேயும். நாங்கள் போன இடம் பெரிய ஓட்டல் இல்லை. ஒரு மார்க்கெட்டின் மாடியில் ஆறே மேஜைகள். என் வயதுள்ள ஒரு கொரிய அம்மாள் அடுக்களையில் நின்றார், அவர் கணவர் கல்லாவில் இருந்தார். பரிமாற மிசோரத்துப் பையன் ஒருவன். அவ்வளவுதான் மொத்த நிர்வாகமும்.

உட்கார்ந்ததும் தண்ணீருக்குப் பதிலாக வறுத்த பார்லியில் போட்ட இளஞ்சூட்டுத் தேநீர் வந்தது. பிறகு நாங்கள் கேட்காமலேயே ஏழெட்டுச் சின்னக் கிண்ணங்கள் மேஜையை நிறைத்தன. 'பான்சான்' என்று பெயர். நம் இலையில் பொரியல், கூட்டு, பச்சடி வைப்பதுபோல்தான். தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். எள்ளெண்ணெயில் பிரட்டிய கீரை, முளைகட்டிய சோயாப் பயறு, முள்ளங்கி, நடுநாயகமாகக் கிம்ச்சி.

கிம்ச்சி என்றால் ஊறுகாய் என்று நினைத்திருந்தேன். முட்டைக்கோசு வகையைச் சேர்ந்த நீளமான ஒரு கோசை உப்பில் ஊறவைத்துக் கழுவி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட சிறு இறால் அல்லது நெத்திலிச் சாறு எல்லாம் சேர்த்த விழுதை இதழ் இதழாகத் தடவிப் புளிக்க விடுகிறார்கள். குளிர்காலம் தொடங்கும்போது அக்கம்பக்கத்தார் கூடி மொத்தமாகச் செய்து பகிர்ந்துகொள்வதற்குக் 'கிம்ஜாங்' என்று பெயர். 2013இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. முன்பெல்லாம் மண் ஜாடிகளில் அடைத்துத் தரையில் புதைத்து வைப்பார்களாம். வெளியே உறைபனி அடித்தாலும் மண்ணுக்குள் குளிர் ஒரே சீராக இருக்கும். அதே வேலையைச் செய்யக் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி செய்து இன்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள்.

மைக்ரோபயாலஜி படித்த என் மகள் ஒரு செய்தி சொன்னாள். கிம்ச்சியை முதலில் புளிக்க வைக்கும் முக்கியமான நுண்ணுயிர்களில் ஒன்றான லியூகோனோஸ்டாக்தான் நம் இட்லி மாவையும் பொங்க வைக்கிறதாம். "அப்பா, தினமும் ராத்திரி நம்ம வீட்டுப் பாத்திரத்திலும் இதே வேலைதான் நடக்குது" என்றாள். மிளகாயும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. கடல் வணிகர்கள் புண்ணியத்தில் நமக்கும் கொரியருக்கும் கிடைத்தது. இன்று அது இல்லாமல் இரண்டு பேருக்குமே சோறு இறங்காது.

பேத்தி கைகூப்பி, "ஜல் மொக்கெஸ்ஸம்னிதா" என்றாள். 'நன்றாகச் சாப்பிடப் போகிறேன்' என்று பொருளாம். ஆனால் கரண்டியைத் தொடவில்லை. பெரியவர்கள் எடுத்த பிறகுதான் சிறியவர்கள் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்றாள். நம் வீட்டிலும் இருந்த வழக்கம்தான். நாங்கள் சொல்லிக் கொடுக்க மறந்ததைக் கொரியாக்காரர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

அப்போதுதான் மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க ஒரு குழம்பு வந்தது. 'தோயென்ஜாங் ஜிகே'. மூடியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் படிக்கட்டில் வரும் அதே வாடை!

சோயாவை வேகவைத்து இடித்துச் செங்கல்போல் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டு, அது பூத்த பிறகு உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். வடிகிற நீர் சோயா சாஸ், மிஞ்சுகிற விழுது தோயென்ஜாங். இந்தக் கலையையும் 2024 டிசம்பரில்தான் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நான் நோட்டீஸ் எழுதிய அதே மாதம்! தயங்கித் தயங்கி ஒரு கரண்டி வாயில் வைத்தேன். மூக்குக்கு ஒரு சங்கதி, நாக்குக்கு வேறு சங்கதி. கனத்த, உப்பும் இனிப்புமான ருசி. நம் பெருங்காயத்தை முதன்முதலாக முகர்கிறவன் என்ன நினைப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் குழம்போடு போராடிக்கொண்டிருக்க, என் மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவள் முகம் மாறியது.

"ஏங்க, இது நம்ம நெத்திலிக் கருவாடுல்லா!"

ஆம், நெத்திலியேதான். சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரைப் பாகும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்திருந்தார்கள். 'மியொல்ச்சி பொக்கும்' என்றான் பரிமாறிய பையன். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? மறுபடி கேட்டு வாங்கினாள். இரண்டாம் கிண்ணத்தைப் பாதி சாப்பிட்டவள் மெல்லச் சொன்னாள்: "இதுக்காகத்தானே ஷாதராவுல நம்மள வெளிய அனுப்புனாங்க."

1989 ஜனவரி. ஷாதரா பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய கருவாட்டில் ஒருநாள் குழம்பு வைத்தாள். அன்று மாலையே வீட்டுக்காரர் வந்து நின்றார். "பத்து நாளில் காலி செய்யுங்கள்" என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். எட்டு மாதக் கைக்குழந்தையோடு, தில்லிப் பனியில், டெம்போவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். அந்தக் கைக்குழந்தைதான் இப்போது எங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் மகள். அதன் பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை நான்கு வருடம் என் மனைவி கருவாட்டைத் தொடவில்லை. "பிடிக்கல" என்றுதான் அப்போதெல்லாம் சொல்வாள். நானும் நம்பிவிட்டேன்.

சட்டைப்பையில் இருந்த காகிதம் கனத்தது. சாப்பாட்டுக் கடை அம்மாள் வெளியே வந்து, தட்டுத் தடுமாறிய இந்தியில், "நன்றாக இருந்ததா?" என்று என் மனைவியிடம் கேட்டார். இவள் கிண்ணத்தைக் காட்டி, "எங்க ஊர் சாமான்" என்று அதே தடுமாறும் இந்தியில் சொன்னாள். இருவரும் நெத்திலியின் தலையைக் கிள்ளுவதா வேண்டாமா என்று ஜாடையிலேயே பேசிக்கொண்டார்கள்.

வீடு திரும்பும்போது காரில் நோட்டீசைப் பற்றிச் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களா எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டிகளின் பராமரிப்பில் இருந்தவன் நான். ஆக்சில் சூடேறினால் முதலில் காரணத்தைக் கண்டுபிடி, பிறகு யார்மேல் குற்றம் என்று எழுது என்பது எங்கள் பாடம். அதை மறந்துவிட்டேன். ஞாயிறு காலை டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எல்லா வீட்டு அடுக்களைப் புகையும் ஒரே டக்ட் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அதன் வாயில் புறாவுக்காகக் கட்டிய வலை, இறகும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக அடைத்துக் கிடந்தது. கீழ்வீட்டுத் தாளிப்பு, எங்கள் வீட்டு ரசம், கொரியர் குழம்பு எல்லாமே மேலே போக வழியில்லாமல் கடைசி மாடிக்குள்தான் திரும்பின.

கூட்டத்தில் நோட்டீஸை வாசிக்கவில்லை. வலையை மாற்றி, டக்ட் உச்சியில் ஒரு எக்சாஸ்ட் விசிறி பொருத்தலாம் என்றேன். முணுமுணுப்பு இருந்தது. "வாடகைக்காரனுக்காக நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். "என் வீட்டுக் கருவாட்டு வாடையும் அதில்தான் போகிறது" என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். வாடை முழுதும் போய்விடவில்லை, நன்றாகக் குறைந்தது. நான்காம் மாடிக்காரர் "பரவாயில்லை" என்றார். முன்போல் சிரித்துப் பேசுவது மட்டும் இல்லை.

2025 பொங்கலன்று மூன்றாம் மாடிக்குச் சர்க்கரைப் பொங்கல் அனுப்பினோம். டப்பா கிம்ச்சியோடு திரும்பி வந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதைப் படிக்கும் நம் சங்கத்து அன்பர்களும் ஒருமுறை இப்படிப்பட்ட சின்னக் கடைக்குப் போய்ப் பாருங்கள். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிம்ச்சியில் மீன் சேர்ந்திருக்கும், குழம்புகள் பலவற்றில் நெத்திலிச் சாறு இருக்கும். இறைச்சியும் முட்டையும் இல்லாமல் காய்கறிப் 'பிபிம்பாப்' கேட்டால் செய்து தருவார்கள். அது மிளகாய் விழுது போட்டுப் பிசைந்து சாப்பிடும் சோறுதான். குச்சிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம், சோற்றையும் குழம்பையும் அவர்களே கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள்.

நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதன் பின்பக்கம் வெற்றாக இருந்தது. டக்டின் படத்தை அதில்தான் வரைந்தேன்.